வாழ்நாள் வாரண்டி போட்ட ஸ்பேனர் செட்டு வாங்கலாமா?

கேள்வி: ஐயா, வணக்கமுங்க. எனக்குப் பல்லடம் பக்கம். போர்வெல் மோட்டார் இறக்கி ஏத்தற வேலை. எட்டு வருசமா ஒரு அண்ணன்கிட்ட ஆளா இருந்தேன், தை பொறந்ததும் தனியா பண்ணலாம்னு இருக்கறேன். சீட்டு எடுத்த பணம் 60,000 கையில இருக்குது. கோயமுத்தூர்ல ஒரு பெரிய கடையில அவங்க சொந்தப் பேரு போட்ட டூல் செட்டு, 94 உருப்படி, 6,500 ரூபாய். 'வாழ்நாள் வாரண்டி'னு பெட்டி மேலயே போட்டிருக்குது. இதையே பேர் எடுத்த கம்பெனில தனித்தனியா எடுத்தா 14,000 தாண்டுதுங்க. வாரண்டி இருக்கறப்ப கம்மி விலையிலயே எடுத்துக்கலாமில்லைங்களா? வட்டியில்லாத் தவணையும் தர்றாங்க. அமெரிக்காவுல உடைஞ்ச ஸ்பேனரைக் குடுத்துட்டுப் புதுசு வாங்கற வீடியோ பாத்தேன். அதுவும் கடை பிராண்டுதானுங்க.

பதில்: தம்பி, ஸ்பேனர் இருக்கட்டும். பைப்பைப் பிடிக்கிற கிளாம்ப்பைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லையே?

ஆயிரம் அடி போர்வெல்லில் மோட்டாரைத் தூக்கும்போது, ஒவ்வொரு பைப்பாகக் கழற்றுகிற அந்த நேரத்தில், கீழே தொங்குகிற மொத்தப் பாரமும் கிளாம்ப்பின் இரண்டு போல்ட்டை நம்பித்தான் நிற்கிறது. இது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அது வழுக்கினால் மோட்டார், பைப்பு, கேபிள் எல்லாம் குழிக்குள். வாரண்டி இருந்தால் கடைக்காரர் புதுக் கிளாம்ப் கொடுப்பார், சரி. தோட்டத்துக்காரருக்கு மோட்டாரை யார் கொடுப்பது? உடைந்த கருவிக்குப் பதில் கருவி தருவோம், அது உடைந்ததால் வந்த நட்டத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று வாரண்டித் தாளின் கடைசியில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். படித்துப் பாருங்கள்.

அதனால் எது விலை கூட, எது குறைவு என்று பட்டியல் போடாதீர்கள். கையில் இருக்கும்போதே உடைந்தால் என்ன போகும் என்று ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள். சுத்தியல் பிடி உடைந்தால் பிடி மாற்றிக்கொள்ளலாம். பைப் ரெஞ்சு வழுக்கினால் விரல் போகும்.

இப்போது வாரண்டிக்கு ஒரு கணக்கு. 280 ரூபாய் ஸ்பேனர் ஒன்று வாய் விரிந்துவிட்டது என்று வைப்போம். பல்லடத்திலிருந்து கோவை போய்வர பைக்குக்கு 150 ரூபாய் பெட்ரோல். அரை நாள் வேலை போச்சு, உங்களுக்கு அது குறைந்தது 600 ரூபாய். 280 ரூபாயை மீட்க 750 செலவு. ஒரு தடவைக்கு மேல் யாரும் போகமாட்டார்கள், அது கடைக்கும் தெரியும். வாழ்நாள் முழுக்க வாரண்டி தர அவர்களுக்குக் கட்டுப்படியாகிற காரணத்தில் இதுவும் ஒன்று. 'வாழ்நாள்' என்பது உங்கள் ஆயுளா, கருவியின் ஆயுளா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தேய்மானம், வெட்டுகிற முனை, பிடியில் பைப்பை மாட்டி நெம்பியது, இதற்கெல்லாம் பல வாரண்டிகளில் இடமில்லை. பைப்பை மாட்டி நெம்பாத மோட்டார் மெக்கானிக் யாரையாவது பார்த்திருக்கிறீர்களா? தொழிலுக்குப் பயன்படுத்தினால் செல்லாது என்று ஒரு வரி இருந்தால், அந்த வாரண்டி உங்களுக்கு இல்லவே இல்லை.

அமெரிக்க வீடியோ பொய்யில்லை. சியர்ஸ் என்ற கடை 1927ல் கிராஃப்ட்ஸ்மேன் என்ற சொந்தப் பேரில் கருவி விற்க ஆரம்பித்தது. உடைந்த ஸ்பேனரை மேசையில் வைத்தால் புதுசு எடுத்துக் கொடுப்பார்கள் என்பதே அதற்குப் பெரிய விளம்பரமாக இருந்தது. அங்கேயே ஹோம் டிப்போ கடையின் ஹஸ்கி, லோஸ் கடையின் கோபால்ட் எல்லாம் அதே வழியில் வந்தவை. ஆனால் 2017ல் சியர்ஸ் அந்தப் பேரையே ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் என்ற கருவிக் கம்பெனிக்கு விற்றது. 2018 அக்டோபரில் திவால் மனு போட்டது. கிராஃப்ட்ஸ்மேன் பேரை வாங்க ஆள் இருந்ததால் கருவி இன்றும் விற்கிறது. நம் ஊர்க் கடை நாளைக்கு ஷட்டரை இறக்கினால், பெட்டி மேல் இருக்கிற அந்தப் பேரை யார் வாங்குவார்கள்?

இதனால் கடை பிராண்டு என்றாலே மட்டம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கடைக்காரர் ஸ்பேனர் அடிப்பதில்லை. ஜலந்தர், லூதியானா, நாகௌர் பக்கத்துப் பட்டறைகளிலோ வெளிநாட்டிலோ அடித்து வாங்கிப் பேர் பொறிக்கிறார்கள். ஒரே பட்டறையில் பெரிய கம்பெனிக்கும் கடைக்கும் சேர்த்தே அடிப்பதும் உண்டு. வித்தியாசம் ஆர்டர் கொடுக்கிற விலையில் வருகிறது: என்ன இரும்பு, எப்படி சூடுபடுத்திக் குளிரவைத்தது, வாயின் அளவு எவ்வளவு துல்லியம். பதம் குறைந்தால் வாய் விரியும், கூடினால் பட்டென்று உடையும். கடை அடுத்த வருசம் பட்டறையை மாற்றினாலும் பெட்டியும் பேரும் மாறாது. போன வருசம் வாங்கினவர் நல்லா இருக்குது என்று சொன்னதை இந்த வருசத்துக்கு நம்ப முடியாதது அதனால்தான். செய்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பேர், விலாசம் பெட்டியில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதைப் பாருங்கள்.

கடைக்குப் போகும்போது வீட்டிலிருந்து ஒரு 19 எம்எம் நட்டு போல்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஸ்பேனரை மாட்டி ஆட்டிப் பாருங்கள், லொடலொடவென்றால் வைத்துவிடுங்கள். அது நட்டின் முனையை மழுக்கிவிடும். கட்டிங் பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வெட்டுகிற இடத்தில் வெளிச்சம் தெரியக்கூடாது. நட்டின் மேல் குப்பி மாதிரி மாட்டுகிற சாக்கெட்டில், உள்ளே ஆறு முனை உள்ளதை எடுங்கள். போர்வெல்லில் வருகிற துருப்பிடித்த போல்ட்டுக்குப் பன்னிரண்டு முனை ஆகாது.

எனக்கும் இந்த விஷயத்தில் ஒரு கதை உண்டு. அப்பாவுக்குக் கோவை கணபதியில் லேத் பட்டறை. சம்பாதிக்க ஆரம்பித்த புதிதில் அவருக்கு ஒரு கடை பிராண்டு ராட்செட் (சாக்கெட்டைத் திருப்புகிற பல் வைத்த கைப்பிடி) செட்டு வாங்கிக் கொடுத்தேன். நாலாம் மாதம் ராட்செட் பல் வழுக்க ஆரம்பித்தது. பில்லை எடுத்துக்கொண்டு ஜம்பமாகப் போனேன். ஸ்கூட்டர் பெட்டியில் வெயிலில் கிடந்த பில் அது. மேனேஜர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணுமே இல்லைங்களே சார்" என்றார். உண்மைதான், எழுத்து மறைந்து வெள்ளைத் தாள் ஆகியிருந்தது. வாங்கின அன்றே பில்லையும் வாரண்டித் தாளையும் போனில் படம் எடுத்து, ஜெராக்ஸும் போட்டு வையுங்கள்.

தவணை வேண்டவே வேண்டாம். வட்டியில்லாத் தவணையிலும் வங்கி வட்டி போடுகிறது. அந்த வட்டி அளவுக்கு விலையில் கழிக்கிறார்கள். கிரெடிட் கார்டுத் தவணையானால் வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் பெரும்பாலும் செயல்பாட்டுக் கட்டணமும் உங்கள் தலையில். கையில் ரொக்கம் இருக்கும்போது எதற்கு?

60,000ஐ நான் இப்படிப் பிரிப்பேன். கிளாம்ப், பைப் ரெஞ்சு, பாரம் தூக்குகிற செயின் பிளாக்குக்கு 30,000 வரை. செயின் பிளாக்கை மாட்டுகிற முக்காலி பழசு எடுக்கலாம், செயின் பிளாக் பழசு கூடாது. எத்தனை டன் என்று தட்டிய தகடு இல்லாததும் கூடாது. மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கிற மீட்டர்), கிளாம்ப் மீட்டர் (ஒயரைச் சுற்றிப் பிடித்து கரண்ட் அளப்பது), இன்சுலேஷன் பிளேயருக்கு 12,000. பிளேயர் பிடியில் இரட்டை முக்கோணமும் 1000 வோல்ட் என்றும் பொறித்திருக்க வேண்டும். 415 வோல்ட்டில் கை வைக்கிற ஆளுக்குக் கலர் பிளாஸ்டிக் உறை காப்பாற்றாது. தினமும் எடுக்கிற ஏழெட்டு ஸ்பேனர் மட்டும் பேர் எடுத்த கம்பெனியில், 3,000. சுத்தியல், ஆக்ஸா பிரேம், அலன் கீ, டேப், பெட்டி எல்லாம் தாராளமாகக் கடை பிராண்டில், 3,000. அந்த 94 உருப்படியில் பாதி பொடி பிட்டும் பொடி சாக்கெட்டும்தான், உங்கள் வேலைக்கு ஆகாது. மிச்சம் 12,000ஐத் தொடாதீர்கள். தோட்டத்துக்காரர் கூலியை "தேங்காய் போட்டதும் தர்றேனுங்க" என்பார், அதுவரை வண்டி ஓடவேண்டும்.

வாங்கின பிறகு வாரண்டியை மதிக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யுங்கள். தொழிலுக்கு வாங்கினாய், நீ நுகர்வோர் இல்லை என்று கடையில் சொன்னால் ஏமாறவேண்டாம். சுயதொழிலில் பிழைப்பு நடத்த வாங்கியவரும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான். உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு வருசத்துக்குள் புகார் கொடுக்கலாம், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமில்லை.

பழைய அண்ணனிடம் மனஸ்தாபம் இல்லாமல் பிரிந்திருந்தால், கிளாம்ப் எடுக்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். காபி, பன்னு உங்கள் செலவு. அவர் கையில் வாங்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினால், எத்தனை வருச வாரண்டி என்றாலும் அதைத் திருப்பி வைத்துவிடுங்கள்.