மூதாட்டியின் வாழ்க்கையைக் கடிதங்களாகச் சொல்லும் நாவல் எப்படி இயங்குகிறது?

முழுக்கக் கடிதங்களாலேயே நகரும் கதைதான் கடித நாவல். தனியாகக் கதைசொல்லி கிடையாது. மறைமலை அடிகளின் ‘கோகிலாம்பாள் கடிதங்கள்’ (1921) இந்த வகை.

வயதான பெண்ணின் வாழ்க்கைக்கு இந்த வடிவம் ஏன் இவ்வளவு பொருந்துகிறது? கடிதம் எழுதுகிறவருக்கு நாளை நடப்பது தெரியாது. அதோடு, ஆளுக்கு ஆள் சொல்வது மாறும். கடலூர் முதுநகரில் தனியாக இருக்கும் எழுபது வயது அம்மா, மகனுக்கு ‘முட்டிவலி பரவாயில்லைப்பா’ என்று எழுதுவார். புதுச்சேரித் தங்கைக்கு ‘மாடி ஏறியே மூணு மாசமாச்சு’ என்பார். இரண்டையும் படிப்பவர் வாசகர் மட்டுமே. அம்மாவின் தனிமை அந்த இடைவெளியில்தான் தெரிகிறது. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் போனில் பேசுவதைக் கேட்கிற மாதிரிதான் இதுவும்: மறுமுனையை நாமே ஊகிக்கிறோம்.

எழுதுபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது, தங்கைக்குத் தெரிந்ததையே தங்கைக்கு விளக்கும்போது. ‘நம் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார்’ என்று எந்த அக்காவும் எழுத மாட்டார். ‘அப்பா துறைமுகச் சம்பளத்தில் வாங்கிய அண்டா ஓட்டையாயிடுச்சு’ என்றால் செய்தியும் வந்துவிடும், கடிதமும் கெடாது.

காலக்குறிப்பிலும் கவனம் வேண்டும். பின்கோடு வந்தது 1972இல். 1965 கடிதத்தில் அது இருந்தால் நம்பகம் போய்விடும். 1990 கடலூர் முகவரி என்றால் மாவட்டம் தென்னாற்காடு.

கடித நாவலில் வருபவை யாரோ ஒருவரின் உண்மைக் கடிதங்களின் தொகுப்பு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, தேதி முதல் கையொப்பம் வரை எல்லாமே நாவலாசிரியர் புனைந்தவை.