மாடல் ஏன் சிவந்துபோகிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கேட் (CAD, கணினியில் பாகங்களை வரையும்) மென்பொருளில் ஓரளவு வேகமாகவே வரைவேன். ஆனால் வரைந்து முடித்த பாகத்தில் ஒரு அளவை மாற்றச் சொன்னால் போச்சு, ஃபீச்சர் ட்ரீ (பாகத்தை வரைந்த படிகளான ஃபீச்சர்களின் பட்டியல்) முழுக்கப் பிழை காட்டிச் சிவந்துவிடுகிறது. அதைச் சரிசெய்வதற்குப் புதிதாகவே வரைந்துவிடலாம் போலிருக்கிறது. எங்கே கோளாறு?

பதில்: முதல் தடவை எவ்வளவு சீக்கிரம் வரைந்தோம் என்பதை வைத்து வேகத்தைக் கணக்குப் போடாதீர்கள். பொருள் வடிவமைப்பில் எந்தப் பாகமும் ஒரே தடவையில் முடிவதில்லை. மோட்டார் மாறும், தகட்டின் தடிமன் மாறும், மோல்டு செய்கிறவர் டிராஃப்ட் (பாகம் மோல்டிலிருந்து கழன்று வரச் சுவருக்குக் கொடுக்கும் சாய்வு) போதாது என்பார். ஐந்தாவது மாற்றத்தை உங்கள் மாடல் தாங்குமா என்பதில்தான் நேரம் மிச்சமாவதும் வீணாவதும்.

சிவந்துபோவதற்குக் காரணம் இதுதான். ஒரு விளிம்பைக் கிளிக் செய்து ஃபில்லெட் போட்டதும் (அதாவது விளிம்பை வளைவாக்கியதும்) மென்பொருள் அந்த விளிம்புக்கு உள்ளுக்குள் ஒரு அடையாளம் கொடுத்து வைத்துக்கொள்கிறது. ட்ரீயில் அதற்கு மேலே உள்ள ஏதோ ஒரு கட் (வெட்டு) மாறி, அந்தப் பரப்பு இரண்டாகப் பிரிந்தாலோ விளிம்பே இல்லாமல் போனாலோ, அதை நம்பியிருந்த அத்தனை ஃபீச்சரும் பிடிமானம் இல்லாமல் நின்றுவிடும். ஃப்ரீகேட் என்ற இலவச கேட் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் இந்தத் தொல்லையைப் பல வருடம் அனுபவித்தார்கள், 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில்தான் அதைப் பெருமளவு தணித்தார்கள். காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்கள் இதை இன்னும் நன்றாகச் சமாளிக்கும், ஆனால் முழுக்கத் தப்பித்த மென்பொருள் என்று எதுவும் இல்லை.

அதனால் எதைப் பிடித்து வரைகிறீர்கள் என்று பாருங்கள். நீமா 17 (மோட்டார்களுக்கான ஒரு நிலையான அளவு) ஸ்டெப்பர் மோட்டாருக்கு ஒரு பிராக்கெட் என்று வைத்துக்கொள்வோம்: நடுவில் 22 மி.மீ. துளை, சுற்றி நான்கு திருகுத் துளைகள், அவற்றுக்கிடையே 31 மி.மீ. பலரும் தகட்டின் விளிம்பிலிருந்து ஒவ்வொரு துளைக்கும் தனித்தனியாக டைமென்ஷன் கொடுப்பார்கள், அதுவும் மூலையில் ஃபில்லெட் போட்டபிறகு மிஞ்சிய விளிம்பிலிருந்து. நாளைக்கே அதைவிடப் பெரிய நீமா 23 வேண்டும் என்றால் நடுத்துளை 38.1, இடைவெளி 47.14, திருகுத் துளையும் பெரிதாகும். எல்லா டைமென்ஷனையும் தேடிப்பிடித்து மாற்றி முடிப்பதற்குள் அந்த நாளே போய்விடும். அதையே ஆரிஜினில் (மாடலின் பூஜ்யப் புள்ளியில்) மையம் வைத்து, கன்ஸ்ட்ரக்‌ஷன் கோட்டில் (வழிகாட்ட மட்டும், பாகத்தில் வராது) ஒரு சதுரம் போட்டு, அதன் நான்கு மூலையிலும் துளை வைத்து, நான்கையும் ‘ஈக்வல்’ (ஒரே அளவு) ஆக்கி, தகட்டின் வெளி அளவையும் இந்தச் சதுரத்தோடு ஒரு சமன்பாட்டில் கட்டிவிட்டால் மூன்று எண்களை மாற்றுவதோடு வேலை முடிந்தது. அந்த மூன்றுக்கும் ‘துளை இடைவெளி’, ‘மோட்டார் துளை’, ‘திருகுத் துளை’ என்று பெயர் கொடுத்துவிடுங்கள். டி1, டி2 என்று இருந்தால் ஆறு மாதம் கழித்து எது எதுவென்று உங்களுக்கே தெரியாது.

அப்புறம், ஸ்கெட்ச்சை (ஃபீச்சருக்கு அடிப்படையான தட்டை வரைபடத்தை) அரைகுறையாக விடவே விடாதீர்கள். சாலிட்வொர்க்ஸ் என்ற கேட் மென்பொருளில் நீலக் கோடு இருந்தால் அது இன்னும் ஆடக்கூடியது, கறுப்பானால்தான் முழுதாகக் கட்டுப்பட்டது. அலங்கார ஃபில்லெட், சேம்ஃபர் (சாய்வாக வெட்டிய விளிம்பு) எல்லாம் ட்ரீயின் கடைசிக்குப் போகட்டும். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதை மறந்து கஷ்டப்படுகிறவர்கள் நிறைய: பிளாஸ்டிக் பாகத்தில் ஷெல் போடப் போகிறீர்கள் (உள்ளே குடைந்து சுவரை மட்டும் விடப் போகிறீர்கள்) என்றால் டிராஃப்ட்டும் வெளிப்புறப் பெரிய ஃபில்லெட்டும் ஷெல்லுக்கு முன்னால் வர வேண்டும், அப்போதுதான் சுவரின் தடிமன் மூலையிலும் ஒரே சீராக இருக்கும்.

வரைந்து முடித்ததும் முக்கியமான அளவு ஒன்றை வேண்டுமென்றே பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பாருங்கள். உடைந்தால் இப்போதே உடையட்டும். ரோல்பேக் பாரை (ட்ரீயில் எந்தப் படி வரை கணக்கிடுவது என்று காட்டும் கோட்டை) மேலே இழுத்து, ஒவ்வொரு ஃபீச்சராகக் கீழே இறக்கினால் முதலில் எது உடைகிறது என்று தெரிந்துவிடும்; அந்த ஒன்றைச் சரிசெய்தாலே கீழே உள்ள சிவப்பில் பாதி தானாக மறையும்.

கேள்வி: ஷார்ட்கட் எத்தனை தெரிந்திருக்க வேண்டும்?

பதில்: நீங்கள் தினமும் தொடும் பத்துப் பன்னிரண்டு கட்டளைகளுக்கு இருந்தால் போதும். சாலிட்வொர்க்ஸில் எஸ் கீயை அழுத்தினால் கர்சர் இருக்கும் இடத்திலேயே ஒரு டூல்பார் வரும், அதை உங்களுக்கு ஏற்றபடி அடுக்கிக்கொள்ளலாம். மவுஸின் வலது பட்டனை அழுத்தி இழுத்தாலும் கட்டளை வரும். இந்த இரண்டையும் ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள், மற்றதை மனப்பாடம் செய்ய வேண்டாம்.

கேள்வி: பெரிய அசெம்பிளியை (பல பாகங்கள் சேர்ந்த மாடலை) திறந்தால் கணினி திணறுகிறது. கோர் அதிகமுள்ள புதிய கணினி கேட்கலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். ஃபீச்சர்கள் ஒன்றை நம்பி ஒன்று இருப்பதால் ரீபில்டும் (மாடலைத் திரும்பக் கணக்கிடுவதும்) ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்க முடியும், பெரும்பாலும் ஒரே கோர்தான் வேலை செய்யும். பதினாறு கோர் இருந்தாலும் மீதி சும்மா இருக்கும். ரெண்டரிங், சிமுலேஷன் செய்கிறவர்களுக்கு அது பயன்படும்.

முதலில் எது கனக்கிறது என்று கண்டுபிடியுங்கள். சாலிட்வொர்க்ஸில் ‘பெர்ஃபார்மன்ஸ் எவால்யுவேஷன்’ என்று ஒன்று இருக்கிறது, பாகத்தைத் திறந்து அதை ஓட்டினால் எந்த ஃபீச்சர் எத்தனை நொடி தின்கிறது என்று வரிசையாகக் காட்டும். குற்றவாளி பெரும்பாலும் வெளியிலிருந்து இறக்கிய பாகம்தான். சப்ளையர் கொடுத்த மோட்டாருக்குள்ளே பேரிங் உருண்டை வரை இருக்கும், போல்ட் ஒவ்வொன்றிலும் மரை நிஜமாகவே சுருள் சுருளாக வெட்டியிருக்கும், மேலே கம்பெனி பெயர் எழுத்து எழுத்தாகப் பொறித்திருக்கும். உங்களுக்கு வேண்டியது வெளி வடிவமும் திருகுத் துளைகளும் மட்டும்தானே? மற்றதை எடுத்துவிட்டு எளிய மாடலாகச் சேமியுங்கள், மரைக்கு காஸ்மெட்டிக் த்ரெட் (மரை இருப்பதாகக் காட்டும் குறி மட்டும்) போதும்.

மேட் (பாகங்களை ஒன்றோடொன்று பொருத்தும் கட்டு) கொடுக்கும்போது பாகத்தைப் பாகத்தோடு சங்கிலியாகக் கோக்காமல், முடிந்தவரை எல்லாவற்றையும் ஒரு அடிப்படைப் பாகத்தோடு கட்டுங்கள். ஒரு பாகத்தின் அளவு இன்னொன்றைப் பார்த்து மாற, அது திரும்ப முதலாவதைப் பார்க்கிற வட்டம் உருவாகிவிட்டதா என்றும் தேடுங்கள். ரீபில்ட் செய்தபிறகும் மறுபடி மறுபடி ரீபில்ட் கேட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். கோப்புகளை நெட்வொர்க் டிரைவிலிருந்தே நேரடியாகத் திறக்காமல் உங்கள் கணினிக்குக் கொண்டுவந்து திறங்கள்.

இவ்வளவும் செய்தபிறகும் திணறினால் புதிய கணினி கேளுங்கள், தாராளமாக. ஒரு கோரின் வேகம் அதிகமாக உள்ள பிராசசரும், உங்கள் மிகப் பெரிய அசெம்பிளியைத் திறந்தபிறகும் மிச்சம் இருக்கும் அளவுக்கு ரேமும் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்.