தாராவியில் தோல் பொருள் கம்பெனி. கோயில் கும்பாபிஷேகத்துக்குத் தந்த பணம் சிஎஸ்ஆர் (கம்பெனிகள் சட்டப்படி செய்ய வேண்டிய சமூகப் பொறுப்புச் செலவு) கணக்கில் வருமா?

வராது. கம்பெனிகள் சட்டத்தின் 7ஆம் அட்டவணையில் கல்வி, மருத்துவம், குடிநீர், சுகாதாரம் எல்லாம் உண்டு, கும்பாபிஷேகம் இல்லை. அதைச் சொந்தப் பணத்தில் செய்யுங்கள், புண்ணியமும் முழுசாக உங்களுக்கே.

முதலில், உங்களுக்கு சிஎஸ்ஆர் கடமை உண்டா என்று பாருங்கள். முந்தைய நிதியாண்டில் நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொட்டிருந்தாலே போதும். கடந்த 3 ஆண்டு லாபம் 4, 5, 6 கோடி என்றால் சராசரி 5 கோடி. அதில் 2 சதவீதம், அதாவது 10 லட்சத்தை, சிஎஸ்ஆருக்குச் செலவிட வேண்டும். இங்கே லாபம் என்பது 198ஆம் பிரிவுப்படி, வருமான வரி கழிக்கும் முன். பலரும் வரி போக மிச்சத்தில் கணக்குப் போட்டு மாட்டிக்கொள்கிறார்கள். தொகை 50 லட்சத்தைத் தாண்டாதவரை தனிக் கமிட்டி தேவையில்லை, போர்டே முடிவெடுக்கலாம்.

டிரஸ்ட் மூலம் செய்தால், சிஎஸ்ஆர் வேலை செய்ய அது அரசிடம் பதிந்ததற்கான சிஎஸ்ஆர்-1 பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். "10 லட்சத்துக்கு ரசீது, 7 லட்சம் கையில் திரும்ப வரும்" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அது சேவையல்ல, மோசடி. கையெழுத்துப் போட்ட இயக்குநரும் சிக்குவார். சொந்த ஊழியர்களுக்கு மட்டும் நடத்தும் மருத்துவ முகாமும் கணக்கில் சேராது. தெருவுக்கே திறந்துவிட்டால் சேரும்.