மோதிரத்துக்கு ஆகாத சிவப்பு

கேள்வி: குரோக்கொயிட் என்ற சிவப்பு ஈயக் கனிமத்தைச் சேகரிப்பவர்கள் ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்? அதை வெட்டி மோதிரத்தில் பதிக்கக்கூட முடியாதாமே, அப்புறம் எதற்கு?

பதில்:

முதலில் ஒரு வாக்குமூலம். என்னிடம் இருந்த நல்ல குரோக்கொயிட் படிகம் ஒன்றை நானே உடைத்தேன். உடைத்த ஆயுதம் பழைய பல் துலக்கும் பிரஷ்.

கட்டைவிரல் அளவுள்ள கல். பழுப்பு நிறத் தாய்ப்பாறையின் மேல் ஏழெட்டுச் சிவப்பு ஊசிகள், தீக்குச்சிப் பெட்டியைக் கொட்டியதுபோல ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து நின்றன. இடுக்குகளில் கொஞ்சம் களிமண் ஒட்டியிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்கக் கை சும்மா இருக்கவில்லை. பிரஷை நனைத்து மெல்ல ஒரு தடவு தடவினேன். எல்லாவற்றிலும் நீளமான ஊசி, மூன்று சென்டிமீட்டர் இருக்கும், அடியோடு சாய்ந்து தட்டில் விழுந்து மூன்று துண்டானது. ஒரு சின்ன ஓசைகூடக் கேட்கவில்லை. களிமண் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் குரோக்கொயிட்டுக்கு 2.5 முதல் 3 வரைதான். நம் விரல் நகம் ஏறக்குறைய 2.5. ஜன்னல் கண்ணாடி ஐந்தைத் தாண்டும், மாணிக்கம் 9. காற்றில் பறக்கும் சாதாரணத் தூசியில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் துகளே 7 என்பதால், மோதிரத்தில் பதித்தால் சில வாரங்களில் துடைக்கத் துடைக்கவே மழுங்கிவிடும். போதாக்குறைக்கு இது நொறுங்கும் சாதி. பல படிகங்களின் நுனி வேறு உள்ளே குழிந்து குழாய்போல இருக்கும். பட்டை தீட்டிய குரோக்கொயிட் உலகில் இல்லாமல் இல்லை. பொறுமைசாலிகள் சிலர் தீட்டியிருக்கிறார்கள். அவையும் பெட்டிக்குள் இருந்து பார்க்கப்படுவதற்கே. எனவே மோதிரத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது சரி.

அப்புறம் எதற்கு என்கிறீர்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை எடுத்துக்கொண்டு ஒரு படிகத்தின் அருகே போய்ப் பாருங்கள். தூரத்தில் குன்றிமணிச் சிவப்பாகத் தெரிந்தது, கிட்டே போனதும் செங்காந்தள் இதழைப்போல ஆரஞ்சாக இளகுகிறது. ஓரம் மெலிந்த இடத்தில் வெளிச்சம் உள்ளே புகுந்து தணல்போல நிற்கிறது. பக்கங்களில் நீளவாக்கில் மெல்லிய கோடுகள் ஓடுகின்றன. முகங்களின் பளபளப்பு கண்ணாடியின் பளபளப்பு அன்று, வைரத்துக்கு உரிய வகை. ஒளியை வளைக்கும் திறனில் இது வைரத்தோடு போட்டி போடக்கூடியது. வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42. குரோக்கொயிட்டுக்கு ஒளி செல்லும் திசையைப் பொறுத்து 2.3க்குச் சற்று முன்பின்னாகத் தொடங்கி 2.6ஐயும் தாண்டும். நகத்தைவிடப் பெரிதாகக் கடினமில்லாத ஒன்றுக்கு இந்த மினுக்கு வாய்த்திருப்பது எனக்கு இன்றும் அநியாயமாகத்தான் படுகிறது.

கையில் எடுத்தால் இன்னொரு வியப்பு. கண் எதிர்பார்த்ததைவிடக் கல் கனக்கிறது. அடர்த்தி தண்ணீரைப்போல 6 மடங்கு, குவார்ட்ஸைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். இது ஈய குரோமேட். எடையில் ஏறக்குறைய 64 சதவீதம் ஈயம், 16 சதவீதம் குரோமியம், மிச்சம் ஆக்சிஜன்.

உடைந்த துண்டுகளில் ஒன்றை வீணாக்க மனமில்லாமல், மெருகிடாத பீங்கான் ஓட்டில் உரைத்துப் பார்த்தேன். கனிமங்களை அடையாளம் காண எல்லோரும் செய்யும் சோதனைதான். சிவப்பு ஊசி போட்ட கோடு சிவப்பாக இல்லை, ஆரஞ்சு கலந்த மஞ்சளாக இருந்தது. பெரிய படிகத்தில் ஒளி நீண்ட தூரம் பயணம் செய்வதால் பச்சையும் மஞ்சளும்கூட வழியில் விழுங்கப்பட்டுச் சிவப்பே மிஞ்சுகிறது. பொடியில் அந்தத் தூரம் இல்லை, மஞ்சள் தப்பித்து வெளியே வந்துவிடுகிறது. இந்த மஞ்சள்தான் பிறகு ஓவியர்களின் வண்ணப்பெட்டிக்குள் போய் உட்கார்ந்தது. அதற்கு முன்னால் கதை ரஷ்யாவில் தொடங்குகிறது.

உரால் மலைப்பகுதியில், யெகாதெரின்பர்க் நகருக்கு அருகே பெரெஸோவ்ஸ்கி என்ற இடத்தில் 1745இல் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. தங்கத்துக்காகத் தோண்டிய அந்தக் குவார்ட்ஸ் நரம்புகளில்தான் இந்தச் சிவப்புப் படிகங்கள் கிடைத்தன. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பணியாற்றிய ஜெர்மானியக் கனிமவியலாளர் யோஹான் காட்லோப் லேமன் 1766இல் இதை விவரித்து எழுதினார். உப்பு அமிலத்தில் கரைத்தபோது கரைசல் பச்சையாக மாறியதையும் அவர் கண்டார். ஈயம் இருப்பது தெரிந்துவிட்டது. ஆனால் ஈயம் மட்டும் இருந்தால் அந்தப் பச்சை வராது. மறு ஆண்டே லேமன் இறந்துபோனார். அதன் பிறகு முப்பது ஆண்டுகள் ‘சைபீரியச் சிவப்பு ஈயம்’ என்ற பெயரோடு ஐரோப்பாவின் சேகரிப்புப் பெட்டிகளில் இது புதிராகவே கிடந்தது.

பாரிஸில் வேதியியலாளர் லூயி நிக்கோலா வோக்லெனும் அவரோடு மக்கார் என்பவரும் 1789இல் ஒருமுறை பகுத்துப் பார்த்து, ஈயம், இரும்பு, அலுமினா (அலுமினிய ஆக்சைடு) என்று தவறான விடைக்கு வந்தார்கள். எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். ஏனென்றால் அதே வோக்லென் எட்டு ஆண்டுகள் கழித்து, தன் விடையில் தனக்கே நம்பிக்கை இல்லாமல், திரும்ப வந்தார். 1797இல் படிகத்தைப் பொடி செய்து பொட்டாசியம் கார்பனேட் கரைசலில் கொதிக்க வைத்தார். ஈயம் கார்பனேட்டாக அடியில் தங்கியது. மேலே நின்றது மஞ்சள் நீர். அதில் பாதரச உப்பைச் சேர்த்தால் அழகான சிவப்பு வீழ்படிவு, ஈய உப்பைச் சேர்த்தால் மஞ்சள். அதுவரை யாரும் அறியாத ஒரு தனிமம் அந்த நீரில் இருந்தது. அடுத்த ஆண்டு அதன் ஆக்சைடைக் கரியோடு சேர்த்துச் சூடாக்கி உலோகத்தையே பிரித்தார். எதனோடு சேர்ந்தாலும் ஒரு நிறத்தோடு நிற்பதால், நிறம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து குரோமியம் என்று பெயர் வந்தது. மரகதத்தின் பச்சைக்கும் இதே தனிமம்தான் காரணம் என்பதையும் அவரே கண்டு சொன்னார். மாணிக்கத்தின் சிவப்புக்கும் அதுவே காரணம். ஆக, மோதிரத்தில் இடம்பெறாத கல், மோதிரக் கற்கள் இரண்டின் ரகசியத்தைப் போட்டு உடைத்துவிட்டது. எஃகைத் துருப்பிடிக்காமல் காக்கும் உலோகம் மனிதன் கண்ணுக்கு முதலில் தென்பட்டதும் இந்தக் கல்லில்தான். கனிமத்துக்கு குரோக்கொயிட் என்ற பெயர் குங்குமப்பூவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான ‘குரோக்கோஸ்’ என்பதிலிருந்து பின்னால் வந்தது.

அரிதாக இருப்பதற்குக் காரணம் கொஞ்சம் வேடிக்கையானது. ஈயமும் குரோமியமும் தனித்தனியே அப்படியொன்றும் அபூர்வமில்லை. ஆனால் இரண்டும் வெவ்வேறு குடும்பங்கள். குரோமியம் பூமியின் ஆழத்திலிருந்து வந்த, மக்னீசியமும் இரும்பும் மிகுந்த கரும்பாறைகளோடு இருக்கும். ஈயம் வெந்நீர்க் கரைசல்கள் பாறைப் பிளவுகளில் விட்டுச்சென்ற நரம்புகளில் கலீனா என்ற ஈயத் தாதுவாக இருக்கும். இரண்டு வகைப் பாறைகளும் அக்கம்பக்கத்தில் அமைய வேண்டும். பிறகு மழைநீரும் காற்றும் இறங்கி இரண்டையும் சிதைக்க வேண்டும். அதுவும் போதாது. பாறையில் இருக்கும் குரோமியம் தண்ணீரில் எளிதில் கரையாத மூன்று இணைதிற நிலையில், அதாவது மூன்று எலக்ட்ரான்களை இழந்த நிலையில், இருக்கிறது. அது ஆறு இணைதிற நிலைக்கு ஏறினால்தான் குரோமேட்டாகக் கரைந்து நகரும். இயற்கையில் அந்த வேலையைப் பெரும்பாலும் செய்து முடிப்பவை மாங்கனீசு ஆக்சைடுகள். இத்தனையும் கூடிவந்து, படிகம் நீண்டு வளரப் பாறைக்குள் வெற்றிடமும் இருந்தால், குரோக்கொயிட் பிறக்கிறது.

எல்லாம் ஒருங்கே கூடிவந்த இடம் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா. அதன் மேற்குக் கரையில், ஸீஹான் ஊருக்கு அருகே டண்டாஸ். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளிக்கும் ஈயத்துக்குமாக அங்கே சுரங்கங்கள் திறக்கப்பட்டன. வெள்ளி ஆசை அடங்கியதும் ஊரும் அடங்கிப்போனது. சிவப்பு மட்டும் தங்கிவிட்டது. அடிலெய்டு சுரங்கம், ரெட் லெட் சுரங்கம் என்ற பெயர்கள் சேகரிப்பவர்களின் வாயில் தலப்பெயர்கள்போல வரும். டாஸ்மேனியா 2000இல் குரோக்கொயிட்டைத் தன் மாநிலக் கனிமமாகவே அறிவித்தது. ரஷ்யா, பிரேசில், ஜெர்மனி, பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளிலும் கிடைக்கிறது. ஆனால் விரல் நீளத்துக்கு, பளபளப்போடு, கொத்துக் கொத்தாக வேண்டுமென்றால் டண்டாஸ்தான்.

அங்கே படிகங்கள் இருப்பது துருப்பிடித்த இரும்புக் கல்லின் பொந்துகளில். அந்தத் தாய்ப்பாறையே கடற்பஞ்சுபோல ஓட்டை விழுந்து, கையால் பிசைந்தால் உதிரும். பொந்தின் சுவரில் படிகங்கள் குறுக்கும் நெடுக்குமாக வளர்ந்திருக்கும். பாதி ஏற்கெனவே உதிர்ந்து அடியில் களிமண்ணில் புதைந்திருக்கும். வெடி வைத்தால் மிஞ்சுவது சிவப்புத் தூள். ஆகவே சுற்றியுள்ள பாறையைத் துண்டு துண்டாக விடுவித்து, கொத்தை அதன் அடியோடு பெயர்த்து எடுக்க வேண்டும். பிறகு கழுவ வேண்டும், உலர்த்த வேண்டும், கடல் கடந்து அனுப்ப வேண்டும். பெட்டியில் வைக்கும்போது அடிப்பாறையை மட்டும் இறுக்கிப் பிடிக்க வைப்பார்கள். படிகங்களைச் சுற்றிப் பஞ்சோ காகிதமோ படாமல் காற்றில் விட்டுவிடுவார்கள். பாதுகாப்பு என்று நினைத்துப் பஞ்சைத் திணித்தால் அந்தப் பஞ்சே ஊசிகளை ஒடித்துவிடும்.

உங்கள் கேள்விக்கு என் விடை இந்தப் பயணத்தில் இருக்கிறது. வைரத்தைக் கீழே போட்டாலும் பொறுக்கி எடுத்துக்கொள்ளலாம். முழு நுனியோடு நிற்கும் குரோக்கொயிட் கொத்து ஒன்றை நான் பார்க்கும்போது, பொந்திலிருந்து அலமாரி வரை எத்தனை கைகள் அதைத் தொட்டும் தொடாமலும் கொண்டுவந்து சேர்த்திருக்கின்றன என்று கணக்குப் போடுகிறேன். உடைந்த குரோக்கொயிட் நிறையக் கிடைக்கிறது. உடையாததற்குத்தான் ஆலாய்ப் பறக்கிறோம்.

வண்ணப்பெட்டி விஷயத்தைப் பாதியில் விட்டுவிட்டேன். ஈய குரோமேட்டை ஆய்வகத்திலேயே தயாரிக்க முடிந்ததும், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து குரோம் மஞ்சள் என்ற வண்ணம் பரவியது. வின்சென்ட் வான்கோ அதை வாரி இறைத்தவர். அந்த மஞ்சளின் சில வகைகள் காலப்போக்கில் பழுப்பேறுவதற்கு, ஒளி பட்டு ஆறு இணைதிறக் குரோமியம் மூன்றுக்கு இறங்குவதே காரணம் என்று 2011இல் ஊடுகதிர் ஆய்வுகள் காட்டின. இதைப் படித்த அன்றே என் கல்லை ஜன்னலோரத்திலிருந்து உள்ளே மாற்றினேன். ஓவியத்தில் இருப்பது எண்ணெயோடு குழைத்த நுண்ணிய பொடி, படிகம் அத்தனை எளிதில் மசியாது. ஆனாலும் நீண்ட நாள் வெளிச்சத்தில் இருந்தால் குரோக்கொயிட்டின் மினுக்கும் ஒளி ஊடுருவும் தன்மையும் குறையும் என்று சேகரிப்பவர்கள் எச்சரிப்பதுண்டு. நான் வம்புக்குப் போகவில்லை.

நஞ்சு பற்றியும் சொல்லியாக வேண்டும். ஈயம் ஒரு நஞ்சு, ஆறு இணைதிறக் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. இரண்டும் ஒரே கல்லில். கண்ணாடி மூடிக்குள் சும்மா இருக்கும் படிகம் யாரையும் ஒன்றும் செய்யாது, தூள்தான் ஆபத்து. தேய்க்காதீர்கள், அறுக்காதீர்கள், சூடாக்காதீர்கள். தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தைகளின் கைக்கு எட்ட வைக்காதீர்கள். நான் ஓட்டில் உரைத்துப் பார்த்ததுகூட ஒரே ஒரு கோடுதான். ஓட்டை ஈரத்துணியால் துடைத்து, துணியை உறையில் போட்டுக் கட்டி எறிந்தேன். தூசி படிந்தால் ரப்பர் குமிழால் காற்று ஊதுங்கள். பிரஷ் வேண்டாம் என்பதற்கு ஆதாரம் மேலே இருக்கிறது.

வாங்கும் எண்ணம் இருந்தால் இரண்டு விஷயங்கள். ஒன்று, ஒட்டு. உடைந்த ஊசியைப் பசை வைத்து நிறுத்துவது இங்கே சகஜம், சொல்லிவிட்டுச் செய்தால் குற்றமும் இல்லை. சொல்லாமல் விற்பதுதான் சிக்கல். பல பசைகள் புற ஊதா விளக்கில் நீலமாகவோ வெள்ளையாகவோ ஒளிரும். படிகத்தின் அடியைச் சுற்றி ஒரு வளையம் மின்னினால் கேள்வி கேளுங்கள். என் கல்லிலும் இப்போது அப்படி ஒரு வளையம் உண்டு. அடையாளச் சீட்டில் ‘ஒட்டப்பட்டது, என் தவறு’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.

இரண்டு, அந்தச் சீட்டேதான். எந்தச் சுரங்கம், எந்த ஊர் என்ற விவரம் இல்லாத கல் பாதி விலைக்குக்கூடப் போகாது. பெரெஸோவ்ஸ்கிப் படிகங்கள் பெரும்பாலும் பழைய சேகரிப்புகளிலிருந்தே கைமாறி வருகின்றன. மங்கிய மையில், யாரோ ஒருவர் கையால் எழுதிய சீட்டு சிலவற்றோடு கூடவே வரும். எனக்கு இன்னும் அப்படி ஒன்று கிடைக்கவில்லை. உங்களுக்குக் கிடைத்தால், பெட்டியைத் திறந்ததும் முதலில் சீட்டைப் புகைப்படம் எடுத்துவிடுங்கள். கல்லை அப்புறம் தொடலாம்.