ஜிம்மில் இயர்பட்ஸ்: காது அரிப்பும் இரைச்சலும் வராமல் தேர்ந்தெடுப்பது எப்படி?

கேள்வி: எனக்கு வயது 34. வாரத்தில் ஐந்து நாள், தினமும் ஒன்றரை மணி நேரம் ஜிம்முக்குப் போகிறேன். காதுக்குள் செருகும் ஒயர்லெஸ் இயர்பட்ஸ் போட்டுக்கொண்டுதான் பயிற்சி செய்வேன். இரண்டு மாதமாக வலது காதில் அரிப்பு. பஞ்சுக்குச்சியால் குடைந்தால் சற்று இதமாக இருக்கிறது. சில நாட்களில், பயிற்சி முடிந்து வந்ததும் காதுக்குள் 'கொய்ங்' என்று இரைகிறது. ஓடும்போது பட்ஸ் கழன்று கழன்று விழுவது வேறு. புதிதாக வாங்கலாம் என்றிருக்கிறேன். காதைக் கெடுக்காத வகை எது? ப்ளூடூத் கதிர்வீச்சால் மூளைக்கு ஆபத்து உண்டா?

பதில்: புதிதாக வாங்குவதைக் கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்கள். அரிப்புள்ள காதில் எவ்வளவு விலை உயர்ந்த பட்ஸைச் செருகினாலும் புண்ணைக் கிளறத்தான் செய்யும். முதலில் காது ஆற வேண்டும்.

நீங்கள் சொல்லும் மூன்று தொல்லைகளுக்கும் பெரும்பாலும் வேர் ஒன்றுதான்: உங்கள் காதுக்குப் பொருந்தாத சிலிகான் டிப், அதாவது பட்ஸின் நுனியில் மாட்டும் மென்மையான உறை. டிப் தளர்வாக இருப்பதால் பட்ஸ் கழல்கிறது. கழல்வதை மீண்டும் மீண்டும் அழுத்திச் செருகுவதால் தோல் உரசிப் புண்ணாகிறது. தளர்ந்த இடைவெளி வழியாக ஜிம்மின் சத்தம் உள்ளே வர, பாட்டின் பேஸ் (தாழ்ந்த, கனத்த ஓசை) வெளியே கசிந்துவிட, நீங்கள் வால்யூமைக் கூட்டுகிறீர்கள். பிறகு காது இரைகிறது.

அரிப்பைப் பார்ப்போம். காதுக் குழாய் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளம். வெளிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பு, மீதி எலும்பு. அந்த எலும்பை மூடியிருக்கும் தோல் மிக மெல்லியது. லேசாகக் கீறினாலே புண்ணாகும். இந்தத் தோலுக்குக் காவல் குறும்பிதான். அது சற்று அமிலத்தன்மை உடையது, தண்ணீரை ஒட்டவிடாது. நீங்கள் பஞ்சுக்குச்சியால் அதைத் துடைத்தெடுத்துவிட்டு, வியர்வை நனைத்த குழாயை ஒன்றரை மணி நேரம் அடைத்து வைக்கிறீர்கள். வெதுவெதுப்பும் ஈரமும் சேர்ந்த இடத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் எளிதாகப் பிடித்துக்கொள்ளும்.

காதுத் துவாரத்துக்கு முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் சிறு குருத்தெலும்பை விரலால் அழுத்திப் பாருங்கள். வலித்தால் வெளிக்காது அழற்சி இருக்க வாய்ப்பு அதிகம். வலியில்லாமல் அரிப்பும் அடைப்பும் மட்டும் இருந்தால் பூஞ்சையோ எக்ஸிமா என்ற தோல் அழற்சியோ ஆக இருக்கலாம். இதைக் காது மூக்கு தொண்டை மருத்துவர் கருவி வைத்துப் பார்த்துத்தான் பிரித்தறிய முடியும். பிரித்தறிவது அவசியம்: பாக்டீரியாவுக்கான சொட்டு மருந்தைப் பூஞ்சை பிடித்த காதில் விட்டால் பூஞ்சை இன்னும் செழிக்கும். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் சில சொட்டு மருந்துகள் உட்காதையே பாதிக்கும். அதனால் வீட்டில் மிச்சமிருக்கும் பழைய சொட்டு மருந்தைத் தொடாதீர்கள். எண்ணெயும் விட வேண்டாம். பஞ்சுக்குச்சியை இன்றோடு நிறுத்துங்கள். பாக்டீரியா தொற்றுக்கு ஏழு முதல் பத்து நாள் சிகிச்சை வழக்கம். பூஞ்சைக்குக் கூடுதல் நாள் ஆகும், குழாயைச் சுத்தம் செய்யவும் வேண்டும். அரிப்பு முழுவதும் நின்று ஒரு வாரம் கழிந்த பிறகே காதுக்குள் பட்ஸைச் செருகலாம்.

இரைச்சலை அரிப்பைவிடக் கவனமாக எடுத்துக்கொள்ள வேண்டும். அரிப்பு மருந்தில் தீரும். உட்காதில் ஒலியை நரம்புத் துடிப்பாக மாற்றும் மயிர் செல்கள் அழிந்தால் மனிதர்களுக்கு மறுபடி முளைப்பதில்லை. ஜிம்மை விட்டு வந்ததும் வரும் 'கொய்ங்', அந்தச் செல்கள் களைத்துப் போயிருப்பதன் அடையாளம். சில மணி நேரத்தில் அடங்கிவிடுகிறது என்று அலட்சியமாக இருக்காதீர்கள். ஒருமுறை ஆடியோகிராம் என்ற செவித்திறன் பரிசோதனை எடுத்து வையுங்கள். சத்தத்தால் வரும் பாதிப்பு முதலில் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு பள்ளமாகத் தெரியும். பேச்சு நன்றாகக் கேட்கும் காலத்திலேயே அதைக் கண்டுபிடித்துவிடலாம்.

பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10 மணி, 89 என்றால் 5 மணி, 92 என்றால் இரண்டரை மணி. உங்கள் ஜிம் நேரம் மட்டும் வாரம் ஏழரை மணி. ஆக, 86ஐத் தாண்டினால் சீக்கிரமே வரம்பை மீறிவிடுவீர்கள். பயணத்தில், வேலையில் கேட்பதும் இதே கணக்கில்தான் சேரும். ஜிம்மின் ஸ்பீக்கர் 90 டெசிபலில் அலறினால், அதற்கு மேல் பாட்டுக் கேட்க நீங்கள் எங்கே போய் நிற்பீர்கள் என்று பாருங்கள்! கையெட்டும் தூரத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த இடமே 85 டெசிபலை ஒட்டியோ தாண்டியோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

அதனால்தான் உங்களுக்கு என் சிபாரிசு, காது ஆறிய பிறகு, நன்றாக அடைத்து உட்காரும் சிலிகான் டிப் உள்ள இயர்பட்ஸ். அடைப்புதான் அரிப்புக்குக் காரணம் என்று சொல்லிவிட்டு அதையே சிபாரிசு செய்வது முரணாகத் தோன்றலாம். ஆனால் ஈரத்தை இடைவேளை விட்டு உலர்த்திச் சமாளிக்கலாம். சத்தத்தைக் குறைக்க அடைப்பை விட்டால் வழியில்லை. சரியாகப் பொருந்திய டிப் வெளிச் சத்தத்தில் 15 முதல் 25 டெசிபல் வரை தடுக்கும். வெளிச் சத்தத்தை மின்னணு முறையில் அமுக்கும் நாய்ஸ் கேன்சலேஷன் இதற்கு மாற்று இல்லை. ட்ரெட்மில் மோட்டார், ஏசி போன்ற தாழ்ந்த சீரான ஓசையை அது நன்றாக அமுக்கும். எடைத் தட்டுகள் மோதும் சத்தத்தையும் பேச்சையும் அவ்வளவாகத் தடுக்காது.

டிப் பொருந்துகிறதா என்று பார்க்கும் விதம் இது. எதிர்க் கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துக்கொண்டு பட்ஸைச் செருகுங்கள். பின்பக்கமாகச் சற்றுத் திருப்புங்கள். வாய்விட்டு நாலு வரி படியுங்கள். பானைக்குள் பேசுவதுபோல உங்கள் குரல் முழங்கினால் அடைப்பு சரி. இப்போது பேஸ் அதிகமுள்ள பாட்டைப் போட்டு, பல்லைக் கடித்துவிட்டு வாயை அகலத் திறவுங்கள், பத்து முறை. காதுக் குழாயின் முன்சுவருக்கு அடுத்தாற்போல்தான் தாடை மூட்டு இருக்கிறது. காதில் விரல் வைத்து வாயைத் திறந்து மூடினால் சுவர் அசைவது தெரியும். டெட்லிஃப்டில் பல்லைக் கடிப்பதும், ஓடும்போது வாயால் மூச்சு விடுவதும் டிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளுவது இதனால்தான். கடைசியாக இருபது முறை குதியுங்கள். பேஸ் மெலிந்துபோனால் ஒரு அளவு பெரிய டிப் போடுங்கள். இருபது நிமிடத்தில் அழுத்தி வலித்தால் அது பெரிது. இரண்டு காதுக்கும் ஒரே அளவுதான் பொருந்தும் என்பதில்லை. வலதுக்கு நடுத்தரம், இடதுக்குச் சிறியது என்று போட்டுக்கொள்வதில் தவறில்லை. ஃபோம் டிப் இன்னும் நன்றாக அடைக்கும், ஆனால் வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். உங்களுக்கு வேண்டாம்.

அதிகம் குதிப்பவர்களுக்குக் காது மடலைச் சுற்றும் கொக்கி உதவும். கொக்கி பட்ஸைத் தாங்குமே தவிர சத்தத்தை அடைக்காது. கண்ணாடி அணிபவர்களுக்கு மடலின் பின்னால் உரசும்.

காதைத் திறந்து வைக்கும் ஓப்பன் இயர் வகையும், கன்ன எலும்பில் ஒட்டி எலும்பு வழியாக ஒலியைக் கடத்தும் போன் கண்டக்ஷன் (bone conduction) வகையும் சாலையில் ஓடுவதற்கு நல்லவை. வாகனச் சத்தம் கேட்கும், காதுக் குழாயும் உலர்ந்திருக்கும். எலும்பு வழியாகப் போகும் ஒலி காதைக் கெடுக்காது என்ற நம்பிக்கை மட்டும் தவறு. எந்த வழியாகப் போனாலும் ஒலி சேருவது அதே மயிர் செல்களிடம்தான். சத்தமான ஜிம்மில் வால்யூமைக் கூட்டுவீர்கள், ஜிம்மின் சத்தமும் தடையில்லாமல் உள்ளே போகும். உங்கள் ஜிம் அமைதியானது என்றால், அடிக்கடி காதில் தொற்று வருபவருக்கு இவையே முதல் தேர்வு. காதை மூடும் பெரிய ஹெட்போன், பெஞ்சில் படுத்தால் நழுவும், மெத்தைக்குள் வியர்வை தேங்கும். எடைப் பயிற்சிக்கு மட்டும் போதுமென்றால் பரவாயில்லை.

வியர்வைத் தாங்குதிறனுக்கு, நீர் புகாமையைக் குறிக்கும் ஐபிஎக்ஸ் (IPX) தரக்குறியீட்டில் ஐபிஎக்ஸ்4 குறைந்தபட்சம். அது எந்தத் திசையிலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும். ஐபிஎக்ஸ்5 பீய்ச்சும் நீரையும், ஐபிஎக்ஸ்7 ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேர முழுக்கையும் தாங்கும். வியர்வை அதிகமுள்ளவர் 5 பார்த்து வாங்கலாம். இந்தச் சோதனைகள் நல்ல தண்ணீரில் செய்யப்படுபவை. வியர்வையின் உப்பு சார்ஜ் ஏறும் உலோகப் புள்ளிகளை அரிக்கும். பல பட்ஸ்களில் கேஸுக்கு இந்தப் பாதுகாப்பே கிடையாது. ஈரத்தோடு கேஸுக்குள் போட்டு மூடினால் உலோக அரிப்பும் வேகமாகும், மறுநாள் அதே ஈரம் உங்கள் காதுக்கே திரும்பி வரும்.

பயிற்சி முடிந்ததும் துணியால் துடைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் வெளியில் வையுங்கள். வாரம் இருமுறை டிப்பைக் கழற்றி மிதமான சோப்பு நீரில் கழுவி முழுக்க உலர்த்துங்கள். பட்ஸின் வலையை உலர்ந்த மென்பிரஷால், வலை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துத் தேயுங்கள். திரவம் எதுவும் அதில் படக்கூடாது. அரை மணிக்கு ஒருமுறை இரண்டையும் கழற்றி ஐந்து நிமிடம் காதுக்குக் காற்று விடுங்கள். பட்ஸை யாருக்கும் கடன் கொடுக்க வேண்டாம்.

வால்யூமை ஜிம்மில் வைத்துத் தீர்மானிக்காதீர்கள். வீட்டில் அமைதியான அறையில், இதமாகக் கேட்கும் அளவைக் குறித்துக்கொண்டு, ஜிம்மில் அதிலிருந்து ஒன்றிரண்டு படிக்கு மேல் ஏற்ற வேண்டாம். போதவில்லை என்றால் டிப் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சில போன்களில் ஹெட்போன் ஒலியை டெசிபலில் காட்டும் வசதியும் உச்சவரம்பு வைக்கும் வசதியும் உண்டு. உங்கள் போனில் இருந்தால் 80க்கு வைத்துவிடுங்கள்.

ப்ளூடூத் பற்றி: இயர்பட்ஸ் பொதுவாகச் சில மில்லிவாட் திறனில், 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. உடல் செல்களின் அணுக்களை அயனியாக்கும், அதாவது அவற்றிலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்கும் ஆற்றல் இந்த அலைகளுக்குக் கிடையாது. போனையே காதில் ஒட்டிப் பேசுவதைவிடத் தலைக்கு வரும் அளவு மிகக் குறைவு. இதற்காக நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

கடும் வலி, சீழ் அல்லது ரத்தம், காதைச் சுற்றி வீக்கம், காய்ச்சல், தலைசுற்றல் இருந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். இரைச்சல் ஒரு நாளைத் தாண்டி நீடித்தாலும் காட்டுங்கள். ஒரு காது திடீரெனக் கேட்காமல் போனால் அன்றே போக வேண்டும். அதில் சிகிச்சை தாமதமாகும் ஒவ்வொரு நாளும் முக்கியம். உங்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறதா என்று எழுதவில்லை. இருந்தால் இந்த அரிப்பை இதற்கு மேலும் விட்டுவைக்காமல் இந்த வாரமே காட்டுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு வெளிக்காதுத் தொற்று எலும்புக்குள் பரவக்கூடும், இரவில் தூங்கவிடாத காது வலி அதன் முக்கிய அறிகுறி.