கேரவனுக்கு எந்த ஸ்டெப்னி சேரும்?

பழைய வேனை வாங்கிக் கட்டிலும் அடுப்பும் போட்டு ஊர் சுற்றுகிறவர்கள் மதுரைப் பக்கத்தில் கூடிக்கொண்டே வருகிறார்கள். இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஸ்டெப்னியைப் பற்றியவை. டயர்க் கடையில் பல வருஷம் நின்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணே, நான் வாங்கிய வேனுக்கு ஸ்டெப்னியே இல்லை. டயரில் 215/75 ஆர் 15 என்று இருக்கிறது. அதே அளவில் பழைய வீல் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? (திருமங்கலம்)

தம்பி, காசு கொடுக்கும் முன் ஒரு நிமிஷம் பொறுங்கள். நீங்கள் படித்த எண் டயரின் அளவு மட்டும்தான். அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 75 சதவீதம், ரேடியல் டயர், ரிம் 15 அங்குலம். நிறுத்தி வைத்தால் சுமார் 70 சென்டிமீட்டர் உயரம் வரும். அந்தச் சக்கரம் உங்கள் வண்டியின் ஹப்பில், அதாவது சக்கரத்தை மாட்டும் அச்சு முனையில், உட்காருமா என்பதை இதில் எதுவும் சொல்லவில்லை.

அதைச் சொல்வது டிஸ்க், அதாவது டயரைத் தாங்கும் இரும்புச் சக்கரம். நட்டு மாட்ட எத்தனை ஓட்டை, அந்த ஓட்டைகள் அமைந்த வட்டம் எவ்வளவு என்று முதலில் அளக்க வேண்டும். ஆறு ஓட்டை என்றால் எதிரெதிரே உள்ள இரண்டின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தால் போதும். ஐந்து ஓட்டைக்கு நேரெதிர் கிடையாது. பக்கத்துப் பக்கத்து ஓட்டைகளின் நடுவை அளந்து 1.7-ஆல் பெருக்குங்கள். அப்புறம் நடுத்துளை ஹப்பில் நுழைய வேண்டும். டிஸ்கின் குழிவும் ஒத்துப்போக வேண்டும். குழிவு மாறினால் உள்பக்கம் பிரேக்கிலோ ஸ்பிரிங் பட்டையிலோ உரசும், அல்லது சக்கரம் வெளியே துருத்தி பேரிங்குக்குச் சுமை கூடும்.

இத்தனையும் சரியாக இருந்தும் நான் ஒரு முறை தவறியிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வேனுக்கு டிஸ்க் மாற்றிக் கொடுத்தேன். ஓட்டை எண்ணிக்கை சரி, வட்டம் சரி. ஆனால் அந்த டிஸ்கின் ஓட்டை விளிம்பு உருண்டை நட்டுக்குச் செய்தது, வண்டியில் இருந்ததோ கூம்பு நட்டு. இறுக்கும்போது இறுகியது மாதிரியே தெரிந்தது. மறுநாள் ஸ்டியரிங் ஆடுகிறது என்று வண்டி திரும்பி வந்தது. கழற்றிப் பார்த்தால் ஓட்டைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தன. உள்ளே ஒரு குடும்பமே இருந்தது. இன்றைக்கும் நட்டின் அடிப்பகுதியை விரலால் தடவிப் பார்க்காமல் நான் எந்த வீலையும் கொடுப்பதில்லை.

ஆகவே, வண்டியையே ஓட்டிக்கொண்டு போங்கள். முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை அந்த வீலை மாட்டச் சொல்லி கையால் சுற்றிப் பாருங்கள். முன்னால் மாட்டியிருக்கும்போது ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடிக்க வேண்டும். எங்கும் உரசவில்லை என்றால் பணம் கொடுங்கள். அதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்காதீர்கள்.

அளவு ஒன்றாக இருந்தால் கார் டயரையே ஸ்டெப்னியாகப் போடலாமா? (உசிலம்பட்டி)

கூடாது. அளவுக்கு அடுத்து பொறித்திருக்கும் எண்தான் டயர் தாங்கும் எடைக்கான குறி. கார் டயரில் 91 என்றால் 615 கிலோ. வேன் டயரில் 109/107 என்று இரண்டு எண் இருக்கும். தனிச் சக்கரமாக ஓடினால் 1,030 கிலோ, ஒரே பக்கத்தில் இரண்டு சக்கரம் ஜோடியாக ஓடினால் ஒவ்வொன்றும் 975 கிலோ என்று அர்த்தம். முதல் டயரும் இரண்டாவதும் பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருக்கலாம், சுமையில் 400 கிலோ வித்தியாசம்.

கேரவனாக மாற்றிய பிறகு உங்கள் வண்டியின் எடை பழைய எடை இல்லை. நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டியே நிரம்பினால் நூறு கிலோ. அதற்கு மேல் பேட்டரி, கட்டில், சிலிண்டர், ஆட்கள். எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஒரு எடைமேடைக்குப் போய் முன் அச்சைத் தனியாக, பின் அச்சைத் தனியாக எடை போடுங்கள். அந்தக் கணக்கு இல்லாமல் ஸ்டெப்னி தேடுவது வீண் அலைச்சல்.

மெல்லிய ஸ்டெப்னி ஒன்று வருகிறதே, இடம் மிச்சமாகுமே? (மேலூர்)

அது சின்னக் கார்களுக்கு, பக்கத்துப் பஞ்சர் கடை வரைக்கும். 80 கிலோமீட்டருக்கு மேல் வேகம் போகக்கூடாது என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். கேரவனுக்கு வேண்டாம். பின்னால் ஜோடிச் சக்கரம் உள்ள வண்டிக்கு அறவே ஆகாது. ஜோடியில் ஒன்று உயரம் குறைந்தால் மற்றொன்று மொத்தச் சுமையையும் வாங்கிச் சூடேறி வெடிக்கும்.

ஸ்டெப்னி இருந்த இடத்தில் கழிவுநீர்த் தொட்டி வைத்துவிட்டார்கள். பின்கதவில் மாட்டலாமா, கூரையில் ஏற்றலாமா? (அண்ணாநகர், மதுரை)

கூரை வேண்டாம் அம்மா. கொடைக்கானல் மலை வளைவில் உச்சியில் கனம் இருந்தால் வண்டி சாயும். அது போக, நடுரோட்டில் அந்தக் கனத்தைக் கீழே இறக்குவது யார்? பின்கதவின் கீலும் அந்தப் பாரத்தைத் தாங்காது. சேசிஸிலிருந்து தனி பிராக்கெட் எடுத்து, கதவுக்கு வெளியே விலகித் திறக்கும்படி செய்யச் சொல்லுங்கள். நம்பர் பிளேட்டும் விளக்கும் மறையக்கூடாது. வெயிலில் ரப்பர் வெடிப்பு விடாமல் இருக்க உறை போடுங்கள்.

தொட்டியை நகர்த்த முடியுமானால் பழைய இடமே மேல். ஆனால் தனுஷ்கோடி போய் வந்தால் உப்புக் காற்றில் ஸ்டெப்னியைத் தூக்கும் கம்பிக்கயிறு துருப்பிடிக்கும். நல்ல தண்ணீரில் கழுவி கிரீஸ் தடவுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது இறக்கி ஏற்றிப் பாருங்கள்.

ஸ்டெப்னி கட்டாயம் இல்லை என்று சட்டம் வந்துவிட்டதாமே? (சோழவந்தான்)

2020-ல் வந்த திருத்தம் அது. ஓட்டுநரையும் சேர்த்து ஒன்பது இருக்கைக்கு மேற்படாத, மூன்றரை டன்னுக்கு உட்பட்ட பயணிகள் வண்டியில் டியூப்லெஸ் டயர், பஞ்சர் ஒட்டும் கிட், டயர் காற்றைக் காட்டும் கருவி மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமல் இருக்கலாம். எல்லா வண்டிக்குமான சலுகை இல்லை. ஆணி குத்தினால் கிட் போதும். ஆண்டிபட்டிக் கணவாயில் கல் பக்கச்சுவரைக் கிழித்தால் கிட் ஒன்றும் செய்யாது.

ஒரு காலத்தில் கார்களே ஸ்டெப்னி இல்லாமல்தான் விற்கப்பட்டன. 1904-ல் வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரில் டேவிஸ் சகோதரர்கள் மாற்றுச் சக்கரம் செய்து விற்றார்கள். அவர்கள் பட்டறை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி. அவ்வளவு தேவைப்பட்டதால்தான் அந்தத் தெருப் பெயர் நம் ஊர் பஞ்சர் கடை வரைக்கும் வந்திருக்கிறது.

என் ஸ்டெப்னி ஒரு நாள்கூட ஓடவில்லை, பட்டன் (டயரின் மேல் உள்ள வரிப்பள்ளம்) அப்படியே இருக்கிறது. நம்பலாமா? (மானாமதுரை)

பட்டனைப் பார்க்காதீர்கள், பிறந்த தேதியைப் பாருங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017-ன் 23-வது வாரம். ஓடாவிட்டாலும் ரப்பர் கிழடாகும், நம் ஊர் வெயிலில் இன்னும் சீக்கிரம். ஆறு வருஷம் தாண்டினால் சுமையோடு நெடுந்தூரம் ஓட்ட நான் விடமாட்டேன். மாதம் ஒரு முறை காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்று பாருங்கள். முன், பின் இரண்டில் எதற்கு அதிகக் காற்று வேண்டுமோ அந்த அளவுக்கு வைத்திருங்கள். குறைக்க எங்கும் முடியும், கூட்டப் பம்பு வேண்டும்.

வழியில் நாங்களே மாற்றும்போது எதை மறந்துவிடுகிறோம்? (வாடிப்பட்டி)

ஜாக்கிக்கு அடியில் வைக்கப் பலகை. கரிசல் மண்ணில் ஜாக்கி அப்படியே புதையும். வண்டி எடைக்குத் தகுந்த ஜாக்கியா என்றும் பாருங்கள். எதிர்ச் சக்கரத்துக்குக் கல் கொடுங்கள், ஆட்களை இறக்கிவிடுங்கள், நட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்துங்கள். மாட்டும்போது குறுக்காக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். 50 கிலோமீட்டருக்குள் மறுபடி ஒரு இறுக்கு. மதுரையில் மாட்டினால் கோடை ரோடு ஊரில் டீக்கு நிறுத்தும்போது ஸ்பேனரைக் கையில் எடுத்துவிடுங்கள்.