கடற்கரை ஊரில் திரை கட்டிப் படம் போடுகிறோம். மசாலாப் படம் போட்டால் ரசனைக் குறைவா? வெறும் பொழுதுபோக்குப் படத்துக்கு என்ன மதிப்பு இருக்கிறது?

கேள்வியில் இருக்கும் நிலவரம் இது: பாம்பன் பக்கத்து ஊர் ஒன்றில், மீன்பிடித் தடைக்காலத்தில் இளைஞர் மன்றம் மூன்று இரவு திறந்தவெளியில் படம் போடப் போகிறது. வெளியூரில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் "விருது வாங்கின படமாப் போடுவோம், இன்னும் எத்தனை நாளைக்கு இந்த மசாலா?" என்கிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் பாட்டும் சண்டையும் உள்ள படம் கேட்கிறார்கள்.

முதல் இரண்டு இரவுக்குப் பெரியவர்கள் சொல்வதுதான் சரி. மூன்றாவது இரவைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், ஆனால் வேறு இடத்தில். காரணம் ரசனையை விட வெளிச்சத்திலும் சத்தத்திலும்தான் அதிகம் இருக்கிறது.

வாடகைக்குக் கிடைக்கும் 5,000 லூமன் (அது வெளியே விடும் மொத்த ஒளியின் அளவு) ப்ரொஜெக்டரை 20 அடி அகலம், 11 அடி உயரம் உள்ள திரையில் விட்டால், சுத்த வெள்ளைக் காட்சியில் திரைமேல் சுமார் 240 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் ஒளியின் அளவு) விழும். கணக்குப்படி அது தாராளம். சிக்கல் கருப்பில். தெருவிளக்கு, டீக்கடை ட்யூப்லைட், கோயில் சீரியல் பல்பு எல்லாம் சேர்ந்து திரைமேல் 5 லக்ஸ் விழுந்தாலே, படத்தின் கருப்பு அதற்குக் கீழே இறங்காது. அரங்கத்து இருட்டில் ஆயிரத்துக்கு ஒன்றாக இருக்கிற வெள்ளை-கருப்பு வித்தியாசம் இங்கே ஐம்பதுக்கு ஒன்று ஆகிவிடும். அரிக்கேன் விளக்கில் இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் காட்சி, முகத்தில் பாதி நிழல், கண்ணில் மட்டும் ஒரு பொட்டு வெளிச்சம் என்று ஒளிப்பதிவாளர் உயிரைக் கொடுத்து எடுத்திருப்பார். இங்கே அது சாம்பல் நிற வேட்டி. நடிகர் அழுதாரா சிரித்தாரா என்று பத்தாவது வரிசைக்குத் தெரியாது. அரை மணி நேரத்தில் கூட்டம் கலைந்தால், "நம்ம ஜனங்களுக்கு ரசனை இல்லை" என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். கலைந்தவர்களுக்குப் படமே தெரியவில்லை என்பதுதான் உண்மை.

பொழுதுபோக்குப் படத்தில் கேலி செய்யப்படும் சமாச்சாரங்கள் பலவும் இந்த இடத்துக்கென்றே செய்தவை. பட்டப்பகலில் மஞ்சளும் சிவப்பும் உடுத்தி ஆடும் பாட்டு, முகத்தில் நேராக விழும் வெளிச்சம், நூறடி தள்ளி இருப்பவருக்கும் புரிகிற கையசைவு. ஒற்றை ப்ரொஜெக்டர் வைத்திருந்த டூரிங் டாக்கீஸில், மணலைக் குவித்து உட்கார்ந்த தரை டிக்கெட்காரருக்கும் கதை போய்ச் சேர வேண்டும் என்று வளர்ந்த கைப்பழக்கம் அது.

பஞ்ச் வசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கதாநாயகன் ஒரு வரி சொல்வார். உடனே வில்லன் முகம், அடியாள் முகம், தாயார் முகம் என்று மூன்று ஷாட் வரும். செல்போனில் தனியாகப் பார்ப்பவருக்கு இது அசட்டுத்தனமாகத் தெரியும். கூட்டத்தில் அந்த மூன்று, நான்கு விநாடி விசிலுக்குப் போகிறது. இடைவெளி விடாமல் அடுத்த வசனத்தை ஓட்டினால் அதை ஒருவரும் கேட்க மாட்டார்கள். நகைச்சுவையிலும் இதே கணக்கு. நல்ல எடிட்டர் சிரிப்பு அடங்க இடம் விட்டு வெட்டியிருப்பார். மேட்டிமை விமர்சனம் பெரும்பாலும் தனியறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு எழுதப்படுவது. ஆயிரம் பேருக்குச் செய்த பண்டத்தை ஒருவர் காதை வைத்து அளந்தால் அளவு தப்பாகத்தான் வரும்.

அடுத்தது போக்குவரத்து. திறந்தவெளிப் படத்துக்கு யாரும் ஏழு மணிக்கு வந்து கடைசிவரை அசையாமல் இருப்பதில்லை. அடுப்பை அணைத்துவிட்டுப் பெண்கள் எட்டு மணிக்கு வருவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை விசைப்படகுகளுக்குத்தான். நாட்டுப்படகுக்காரர் விடியுமுன் கடலுக்குப் போக வேண்டியவர், இடைவேளையோடு எழுந்துவிடுவார். நடுவில் பிள்ளை அழும், பீடி தீரும். ஆகவே கதையின் முடிச்சை இரண்டு மூன்று தடவை சொல்கிற படம் தேவைப்படுகிறது. "சொன்னதையே சொல்கிறது" என்ற குற்றச்சாட்டு உண்மைதான், ஆனால் எட்டு மணிக்கு வந்தவருக்கு அது முதல் தடவை. பாட்டுக்கு எழுந்து போனவர் திரும்பி வந்து "என்னாச்சு?" என்று கேட்காமல் உட்கார முடிந்தால் அந்தப் படம் ஒழுங்காகக் கட்டப்பட்டது என்று அர்த்தம்.

லாஜிக் பற்றி ஒரு வார்த்தை. ஒருவர் இருபது பேரை அடிப்பதை இந்தக் கரையில் யாரும் நம்புவதில்லை. கூத்தில் ராஜா ஆடிக்கொண்டே சபைக்கு வருவது போல அது ஒரு கலை வழக்கம் என்று தெரியும். ஆனால் படகின் பாய் ஒரு பக்கம் புடைத்திருக்க, கதாநாயகி கூந்தல் எதிர்ப்பக்கம் பறந்தால் கரையே சிரிக்கும். வலையிலிருந்து 'துள்ளி' விழும் மீனின் கண் குழி விழுந்து வெளுத்திருந்தால், ஐஸ் மீன் என்று சின்னப் பையன் கூடச் சொல்லிவிடுவான். வழக்கத்தை மன்னிப்பார்கள், பொய்யை மன்னிக்க மாட்டார்கள். லாஜிக் பேசும் விமர்சனங்களில் பல இந்த இரண்டையும் ஒரே கூடையில் போடுகின்றன.

இதற்காக எல்லா மசாலாவும் நல்ல மசாலா என்று சொல்ல வரவில்லை. 'ஜாலியா ஒரு படம்' என்ற பெயரில் சோம்பேறித்தனமும் நிறைய வருகிறது. தேர்வு செய்ய எளிய சோதனைகள் உண்டு. முதல் இருபது நிமிடத்தைச் சத்தமில்லாமல் ஓட்டிப் பாருங்கள்: யாருக்கு என்ன வேண்டும், யார் குறுக்கே நிற்கிறார் என்று தெரிய வேண்டும். ஒரு சண்டைக் காட்சியை நடுவில் நிறுத்தி, கதவு எந்தப் பக்கம், கதாநாயகன் முதுகுக்குப் பின்னால் யார் என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாவிட்டால் அது வெட்டிக் குழப்பிய சண்டை; அரங்கத்துச் சத்தத்தில் ஒப்பேற்றலாம், வெளியில் எடுபடாது. இடைவேளையைப் பாருங்கள்: கதையை அது திருப்புகிறதா, சும்மா நிறுத்துகிறதா? நிறுத்துகிற படத்துக்கு டீ குடிக்கப் போனவரில் பாதிப் பேர் திரும்ப மாட்டார்கள். நகைச்சுவை ஒருவர் நிறத்தையோ உடம்பையோ சாதியையோ வைத்துத்தான் ஓடுகிறது என்றால் கழித்துவிடுங்கள். கேலி செய்யப்படுபவர் உங்கள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பார். சான்றிதழ் 'யு' அல்லது 'யுஏ 7+' ஆக இருக்கட்டும். முன்வரிசை முழுக்கப் பிள்ளைகள்தான்.

நீளமும் ஒரு தேர்வுதான். மே மாதம் இங்கே ஆறரைக்கு அஸ்தமனம். ஏழு மணிக்கு முன் திரையில் ஒன்றும் தெரியாது. இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கிக்குச் சட்டப்படி தடை. இடைவேளைக்குக் கால் மணி விட்டால் படத்துக்கு இரண்டே முக்கால் மணி மிஞ்சும். அதில் கால் மணி கரண்ட்டுக்கும் ஜெனரேட்டருக்கும் போகும் என்று வைத்துக்கொண்டு, இரண்டரை மணிக்கு மேற்பட்ட படத்தைத் தொடாதீர்கள்.

இப்போது திரை. கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, மணிக்கு 30 கிலோமீட்டரில் நேராக அடித்தால், 20க்கு 11 அடித் திரைமேல் சுமார் 100 கிலோ தள்ளும். காற்று 40 ஆனால் தள்ளுவது 180ஐத் தாண்டும். ஆகவே தென்மேற்கிலிருந்து வரும் காற்று திரையின் ஓரத்தில் படுகிற மாதிரி, திரையைத் தென்கிழக்கு பார்க்கக் கட்டுங்கள். வடமேற்கு பார்த்தாலும் காற்றுக்குச் சரிதான், ஆனால் அஸ்தமன வெளிச்சம் முகத்தில் விழுந்து முதல் கால் மணி நேரப் படத்தைத் தின்றுவிடும். ஃப்ளெக்ஸை விடக் காடாத் துணி நல்லது. பின்னால் கருப்புத் துணி தையுங்கள், இல்லையென்றால் பின்பக்க விளக்கு ஊடுருவும். சவுக்குக் கம்பை மணலில் குறைந்தது நாலடி இறக்கி, இழுகயிற்றை முளைக்குச்சியில் கட்டாமல் புதைத்த மணல் மூட்டையில் கட்டுங்கள். முளை மணலில் பிடிக்காது. துணி வளையத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே சைக்கிள் ட்யூப் துண்டு போட்டால் திடீர்க் காற்றுக்குத் திரை நெகிழ்ந்து கொடுக்கும், கிழியாது. கீழ் விளிம்பு தரையிலிருந்து நாலரை அடியாவது மேலே இருக்க வேண்டும்.

படம் கெடுவது அதிகம் ஒலியில்தான். மைக்செட்காரர் பின்வரிசைக்கென்று 30 மீட்டர் தள்ளி இன்னொரு ஜோடி ஒலிபெருக்கிப் பெட்டி வைப்பார். முன்பெட்டிச் சத்தம் அங்கே வந்து சேரச் சுமார் 86 மில்லி விநாடி ஆகும். ஒவ்வொரு வசனமும் இரண்டு தடவை கேட்கும். மிக்சரில் பின்பெட்டிக்கு அந்த அளவு தாமதம் வையுங்கள். வசதி இல்லையென்றால் பின்பெட்டியே வேண்டாம். முன்பெட்டிகளை எட்டடி உயரத்தில் ஏற்றி லேசாகக் கீழ்நோக்கிச் சாயுங்கள். கூம்புக் குழாய் வசனத்தைத் தூரத்துக்குக் கொண்டுபோகும், ஆனால் இசையைத் தகரமாக்கிவிடும். காவல் நிலையத்திலும் அதற்கு அனுமதி கிடைப்பது கஷ்டம். இன்னொன்று: ஒலியை ஆறு தடமாகப் பிரித்து வைத்திருக்கும் 5.1 கோப்பில் வசனம் நடுத் தடத்தில் இருக்கும். இடது-வலது மட்டும் ஆம்ப்ளிஃபயருக்குப் போனால் பின்னணி இசை அதிரும், பேச்சு காணாமல் போகும். ப்ளேயரில் ஸ்டீரியோவுக்கு மாற்றிவிட்டு, மாலையே ஒரு வசனக் காட்சியைப் போட்டுப் பாருங்கள்.

ஆம்ப்ளிஃபயர் அதிரும்போது ஜெனரேட்டர் வோல்டேஜ் இறங்கி ப்ரொஜெக்டர் அணையும். அதற்கு மட்டும் 1 கேவிஏ யுபிஎஸ் கொடுங்கள். உப்புக் காற்றில் ப்ரொஜெக்டரின் காற்று வடிகட்டி சீக்கிரம் அடைக்கும். தினமும் கழற்றித் தட்டுங்கள், லென்ஸை முதலில் ஊதிவிட்டுப் பிறகு துடையுங்கள். ஊதாமல் துடைத்தால் உப்புப் பொடி கீறும். வீட்டு ஓடிடி கணக்கை வைத்து ஊருக்குப் படம் காட்ட உரிமை கிடையாது. உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டு, இடத்துக்கான அனுமதியை ஆட்சியர் அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் கேளுங்கள்.

முதல் இரவுக்கு எது என்று கேட்டால் 'படகோட்டி', கிடைக்கும் பிரதி இரண்டரை மணிக்குள் அடங்கினால். 1964இல் வந்த வண்ணப் படம், விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசை, வாலி பாட்டு. மீனவர் கஷ்டத்தைப் பாட்டும் சண்டையுமாகவே சொல்லிவிட்ட படம். இரண்டாம் இரவுக்கு மேலே சொன்ன சோதனையில் தேறிய புதுப் படம் ஒன்று.

மூன்றாம் இரவு, பிள்ளைகள் கேட்கும் படம். அதை மீன் ஏலக்கூடத்துக்கோ பள்ளிக்கூட ஹாலுக்கோ கொண்டுபோங்கள். ஜன்னலுக்குக் கருப்புத் துணி, 10 அடித் திரை, 3,000 லூமன் போதும், எண்பது பேருக்கு மேல் வேண்டாம். தகரக் கூரையில் பேச்சு எதிரொலிக்கும். தரை முழுக்க ஜமுக்காளம் விரித்து, பின்சுவரிலும் கெட்டித் துணி தொங்கவிட்டால் பாதி அடங்கும். நூறு, நூற்றிப்பத்து நிமிடத்துக்குள் முடிகிற படமாக இருக்கட்டும். மழை வந்தால் தகரக் கூரையில் பேச்சே கேட்காது என்பதையும் நினைவில் வையுங்கள். முன்னால் யாரும் மைக் பிடித்து "இது எப்படிப்பட்ட படம் தெரியுமா" என்று பாடம் நடத்த வேண்டாம். அந்தப் பத்து நிமிடத்திலேயே பாதிப் பேர் தங்களுக்கான படம் இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

இரண்டு தரப்புக்கும் பொதுவாக ஒன்று வேண்டுமென்றால் 'பேசும் படம்' இருக்கிறது. 1987, சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கம், நம்ம பரமக்குடியில் பிறந்த கமல் நடித்தது, வசனமே கிடையாது. காற்று எவ்வளவு அடித்தாலும் காணாமல் போக அதில் ஒரு வார்த்தை இல்லை. அதைத் திறந்தவெளியிலேயே போடலாம். ஆனால் ஒலிப் பெட்டிகளைக் குறைத்துவிடாதீர்கள்: கதவு, காலடி, ஊர்ச் சத்தம் எல்லாம்தான் அதில் பேச்சு.